கண்ணுக்குத் தெரியாத தீ: வளைகுடா தரும் பாடம்

வளைகுடா நாடொன்றிற் கட்டடம் தீப்பற்றியது என்ற செய்தி வந்ததும் எம்மவர் தொலைபேசியை நோக்கி ஓடுகின்றனர். அங்கு உழைத்துப் பணம் அனுப்பும் அண்ணனோ மச்சானோ பலருக்கு உண்டு. இறந்தோர் பட்டியலில் எமது ஊரவர் எவரும் இல்லையென அறிந்ததும் ஆறுதல் கொள்கின்றோம். ஆனால் அந்தத் தீ ஏன் அவ்வாறு நடந்துகொண்டது என நாம் கேட்பதில்லை. அதனைக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2016ஆம் ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி, திருவனந்தபுரத்திலிருந்து டுபாய் சென்ற எமிரேட்ஸ் விமானம், தரையிறங்கும் முயற்சியைக் கைவிட்டு மீண்டும் மேலெழ முனைந்தபோது ஓடுபாதையில் வீழ்ந்து சறுக்கித் தீப்பற்றியது. அதில் இருந்தவர்கள் 300 பேர். தீயணைப்பு வாகனங்கள் விரைந்து வந்து நுரையைப் பாய்ச்சின. விமானம் ஓய்ந்து ஏறத்தாழ ஒன்பது நிமிடங்கள் கழிந்த நிலையில், நடு எரிபொருட் தாங்கி வெடித்தது. தலைமை விமானியும் மூத்த பணியாளர் ஒருவரும் அப்போதும் உள்ளேதான் இருந்தனர். அவர்கள் உட்பட விமானத்தில் இருந்த 300 பேரும் உயிர் தப்பினர். அவர்களைக் காக்க வந்த இளம் தீயணைப்பு வீரர் ஒருவர் மாண்டார்.

வெளியே தெரிந்த சுவாலை அல்ல, விமானத்தின் வயிற்றுப் பகுதியில் நுரை சென்றடையாத மறைவிடத்தில் எரிந்த தீயே தாங்கியைச் சூடாக்கியது. சூடேறிய எரிபொருள் ஆவியாகிக் காற்றுடன் கலந்தால், பின்னர் ஒரு பொறியே போதுமானது. 2020இல் வெளிவந்த விசாரணை அறிக்கை, விமானிகளின் தவறுகளுடன் நின்றுவிடாது தீயணைப்புப் பணியையும் ஆராய்ந்தது. படையினரின் பயிற்சியை மேம்படுத்துமாறும் பரிந்துரைத்தது. வீரமும் வாகனமும் மட்டும் போதா. தீ எங்கே இருக்கின்றது, அடுத்து என்ன செய்யும் எனக் கணிக்கும் அறிவும் வேண்டும்.

விமானத்திற் போலவே வீட்டிலும் ஆபத்து கண்ணுக்குத் தெரியாத இடத்திலேயே வளர்கின்றது. அறையொன்று எரியும்போது சூடான புகை கூரையின் கீழ் திரள்கின்றது. புகை என்பது வெறும் கழிவன்று. எரியாது எஞ்சிய எரிபொருளே அது. ஏறத்தாழ 600 பாகை செல்சியசை அது எட்டும்போது, கதிர்வீசும் வெப்பத்தால் அறையிலுள்ள யாவும் ஒரே கணத்திற் பற்றிக்கொள்கின்றன. முழு உடைக்கவசம் அணிந்த வீரருங்கூட அதனுள் சில விநாடிகளே தாக்குப்பிடிப்பார். மரத் தளபாடமும் பஞ்சு மெத்தையும் கொண்ட பழைய அறை இந்நிலையை அடைய அரை மணி நேரம் வரை செல்லும். செயற்கை இழையும் நுரைமெத்தையும் நிறைந்த இன்றைய அறைக்கு ஐந்து நிமிடமும் வேண்டியதில்லை என அமெரிக்கப் பரிசோதனைகள் காட்டியுள்ளன.

மாறாக, காற்றுக் குறைந்த அறையில் தீ அடங்கியது போலத் தோன்றும். அது அணைந்துவிடவில்லை, காற்றுக்காகக் காத்திருக்கின்றது. அவ்வேளை கதவைத் திறப்பவர் தீக்கு உணவளிக்கின்றார். ஆகவேதான் 1980களில் சுவீடன் நாட்டுத் தீயணைப்புப் படையினர் கப்பற் கொள்கலன்களுள் உண்மையான தீயை மூட்டிப் பயிலத் தொடங்கினர். புகையின் நிறம், அடர்த்தி, வேகம் ஆகியவற்றை வாசிக்கவும், நீர்க்குழாய் தயாராகும் வரை கதவைத் திறவாதிருக்கவும், கூரையடிப் புகையைச் சிறுசிறு நீர்வீச்சுகளாற் குளிர்விக்கவும் அங்கு கற்றனர். இம்முறை பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது.

எனினும் படையினர் எவ்வளவு கற்றாலும், அவர்கள் வந்து சேரும் முன்னரே பல உயிர்கள் பிரிந்துவிடுகின்றன. 2024ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் திகதி அதிகாலை குவைத்தின் மங்காஃப் பகுதியில், தொழிலாளர் குடியிருப்பொன்றின் கீழ்த்தளக் காவலாளி அறையில் மின்னொழுக்கினால் தீ மூண்டது. 190இற்கும் மேற்பட்டோர் தங்கியிருந்த கட்டடம் அது. ஐம்பது பேர் மாண்டனர். பெரும்பாலோர் இந்தியர், அவர்களுள் எழுவர் தமிழ்நாட்டவர். சுவாலை தீண்டி இறந்தவர்களை விடப் புகையில் மூச்சுத்திணறி இறந்தவர்களே அதிகம். அறைகளைப் பிரித்த தடுப்புகள் எளிதில் எரியும் பொருளால் ஆனவை என்றும், மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தது என்றும் அதிகாரிகள் கூறினர். தூக்கத்திலிருந்து எழுந்து மேலே ஓடியவர்களுக்கு அந்தக் கதவே முடிவாயிற்று.

இங்கு இரண்டு கதவுகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். வெளியேறும் வழியிற் பூட்டிய கதவு கொல்லும். தீக்கும் எமக்கும் இடையே சாத்திய கதவு காக்கும். உங்கள் அறையில் தீ மூண்டால் வெளியேறி, கதவைப் பூட்டாமற் சாத்திவிட்டுச் செல்லுங்கள். தீ வேறிடத்திலாயின், கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ, மாடிப்படியிற் புகை நிறைந்திருந்தாலோ அதற்குள் இறங்காதீர்கள். கதவைச் சாத்தி, இடுக்குகளை ஈரத்துணியால் அடைத்து, சாளரத்தருகே நின்று உதவி கோருங்கள். தீயணைப்புக்கு எமிரேட்சில் 997, குவைத்தில் 112, கட்டாரில் 999. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112.

அடுத்த முறை அண்ணனுடன் பேசும்போது, சம்பளம் வந்ததா, சாப்பிட்டாயா என்று கேட்பதுடன் இன்னுமொன்றையும் கேளுங்கள்: “நீ படுக்கும் கட்டடத்தில் வெளியேறும் கதவு இரவிலே திறந்திருக்கின்றதா?” அகதி முகாமிலோ தொடர்மாடியிலோ வாழும் நாம், அதே கேள்வியை இன்றிரவு எம்மிடமும் கேட்டுக்கொள்வோம்.