அடுத்தவர் அணுக்கள் தந்த ஆயுள்

2015. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் ஒரு வயதை எட்டும் பெண் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய். கீமோதெரபி, எலும்பு மஜ்ஜை மாற்று என எல்லாம் பார்த்தாகிவிட்டது, நோய் திரும்பிவிட்டது. டாக்டர்கள் கையை விரித்தார்கள். பெற்றோர் விடவில்லை.

யாரோ ஒருவர் தானம் தந்த டி செல்கள் ஒரு சிறு குப்பியில் உறைநிலையில் இருந்தன. அதுவரை எலிகளிடம் மட்டுமே சோதிக்கப்பட்டவை. அவசர அனுமதி வாங்கி ஒரு மில்லிலிட்டரை ஏற்றினார்கள். சில நிமிட வேலைதான். சில வாரங்களில் புற்று அணுக்களைக் காணோம்.

யோசனை புதிதல்ல. மஜ்ஜை மாற்றுக்குப் பின் நோய் திரும்பிய மூவருக்கு, மஜ்ஜை தந்தவரின் வெள்ளணுக்களையே மீண்டும் செலுத்தி நோயை அடக்கியதாக ஹான்ஸ்-யோகெம் கோல்ப் தலைமையிலான மியூனிக் குழு 1990இலேயே எழுதிவிட்டது. சிக்கல் வேறு. வந்த அணுக்களுக்குப் புற்றும் அந்நியம், நோயாளியின் தோலும் குடலும் ஈரலும் அந்நியம். குடிவந்தவர் வீட்டுக்காரரையே விரட்டும் கதை. சிலருக்கு இது உயிருக்கே உலை.

லண்டனில் வசீம் காசிம் குழு இதற்குத்தான் மரபணுக் கத்தரியை எடுத்தது. நோயாளியின் உடலை அந்நியமாகக் காணும் ‘கண்’ணை டி செல்லிலிருந்து வெட்டினார்கள். புற்று அணுவின் மேலுள்ள சிடி19 என்ற அடையாளத்தைப் பிடிக்கும் கொக்கியைப் பொருத்தினார்கள். இன்னொரு வெட்டும் உண்டு: குழந்தையின் எதிர்ப்பு அணுக்களை அடக்கத் தரும் மருந்து, வந்த அணுக்களையும் கொல்லாமல் இருக்க.

இந்தியாவில் 2023இல் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 (மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கியது) நோயாளியின் சொந்த அணுக்களைக் கொண்டது. வெளிநாட்டு விலையில் சுமார் பத்தில் ஒரு பங்கு, அப்படியும் லட்சக்கணக்கில். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தயாரிக்க வேண்டும், அதுவரை நோய் பொறுக்க வேண்டும். பல சுற்று கீமோவுக்குப் பின் நல்ல அணுக்கள் மிஞ்சியிருக்கவும் வேண்டும். தானமாக வந்த அணு என்றால் ஒருவரிடம் எடுத்துப் பலருக்குத் தரலாம், முன்கூட்டியே தயாராக வைக்கலாம். ஆனால் உடல் அவற்றை அதிக நாள் தங்க விடுவதில்லை. அந்தக் குழந்தைக்கும் மறுபடி மஜ்ஜை மாற்று தேவைப்பட்டது.

2022இல் அதே மருத்துவமனைக்கு 13 வயதுச் சிறுமி வந்தாள். அவளுக்குப் புற்று பிடித்ததே டி செல்களில். சொந்த அணுக்களை நம்ப வழியில்லை. தானமாக வந்த அணுக்கள் ஒன்றையொன்று கொன்றுகொள்ளாதபடி, கத்தரிக்குப் பதில் மரபணுவின் ஓர் எழுத்தை மட்டும் மாற்றும் முறையில் அவற்றைத் திருத்தினார்கள். 28 நாட்களில் நோய் அடங்கியது. பிறகு அவளுக்கும் இரண்டாவது மஜ்ஜை மாற்று செய்தார்கள்.