ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைச் செதுக்கிய பயனாளர் யோசனைகள்: ஏற்கப்பட்டவை எவை, மறுக்கப்பட்டவை ஏன்?

நிரல் எழுதும்போது எதிர்ப்படும் பிழைச் செய்தியைத் தேடுபொறியில் இட்டால், பல ஆண்டுகளாக முதல் வரிசையில் வந்து நின்ற இணையதளம் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. பெங்களூரு, ஹைதராபாத், புனே போன்ற நகரங்களின் மென்பொருள் அலுவலகங்கள் முதல் சிற்றூர்ப் பொறியியல் கல்லூரிகளின் கணினிக் கூடங்கள் வரை அதன் பக்கங்கள் நாள்தோறும் திறக்கப்பட்டு வந்தன. அத்தளம் ஆண்டுதோறும் நடத்தும் நிரலாளர் கருத்தாய்வில் அதிகம் பேர் பங்கேற்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

செயற்கை நுண்ணறிவு உரையாடல் கருவிகளின் வருகைக்குப் பிறகு அத்தளத்தில் எழுப்பப்படும் கேள்விகளின் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்துள்ளது. எனினும், முன்பின் அறியாத இலட்சக்கணக்கானோர் ஊதியமின்றித் திரட்டிய அறிவுக் களஞ்சியம் என்ற வகையில் அதன் வரலாறு கவனத்துக்குரியது. தளத்தின் விதிகளில் பல, அதைப் பயன்படுத்தியவர்கள் முன்வைத்த யோசனைகளாலும் வாதங்களாலும் உருப்பெற்றவை. அந்த யோசனைகள் எவ்வாறு கையாளப்பட்டன என்பதில் தளத்தின் வளர்ச்சிக்கும் தளர்ச்சிக்குமான காரணங்கள் பல அடங்கியுள்ளன.

பெயரே பயனாளர்களின் தேர்வு

ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி ஆகிய இரு அமெரிக்க நிரலாளர்கள் 2008-ஆம் ஆண்டு இத்தளத்தைத் தொடங்கினர். தளத்தின் பெயரைக்கூட அட்வுட்டின் எழுத்துகளைத் தொடர்ந்து படித்து வந்தவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி தளம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

தொழில்நுட்ப விடைகளைக் கட்டணத் திரைக்குப் பின்னே மறைத்து வைக்கும் போக்கு அக்காலத்தில் காணப்பட்டது. அதற்கு மாற்றாக, எவரும் கேட்கலாம், எவரும் விடையளிக்கலாம், விடையின் தரத்தை வாக்குகள் தீர்மானிக்கும் என்ற ஏற்பாடு முன்வைக்கப்பட்டது. நல்ல பங்களிப்புக்கு நற்பெயர்ப் புள்ளிகள் வழங்கப்பட்டன. புள்ளிகள் உயர உயர, பிறர் எழுதியதைத் திருத்துவது, தகுதியற்ற கேள்வியை மூட வாக்களிப்பது போன்ற அதிகாரங்களும் கிடைத்தன.

தளம் வளரத் தொடங்கியதும், நிரல் குறித்த கேள்விகளுக்கு நடுவே தளத்தைப் பற்றிய குறைகளும் யோசனைகளும் குவிந்தன. இவற்றைப் பிரித்து வைக்க, 2009-ஆம் ஆண்டு 'மெட்டா' என்ற தனிப் பிரிவு உருவாக்கப்பட்டது. தளத்தைப் பற்றித் தளத்தின் பயனாளர்களே விவாதிக்கும் மன்றமாக அது செயல்பட்டு வருகிறது.

ஒரு யோசனை கடந்து செல்லும் பாதை

மெட்டா பிரிவில் எழுதப்படும் யோசனைக்கு 'வசதிக் கோரிக்கை' என்ற பொருள் தரும் குறிச்சொல் இடப்படுகிறது. மற்ற பயனாளர்கள் ஆதரவாகவோ எதிராகவோ வாக்களிக்கின்றனர். முதன்மைத் தளத்தில் எதிர்வாக்கு என்பது பதிவின் தரக்குறைவைச் சுட்டும். மெட்டாவில் கோரிக்கைக்கு விழும் எதிர்வாக்கு, 'இந்த யோசனையை நான் ஏற்கவில்லை' என்றே பொருள்படும். இவ்வேறுபாட்டை அறியாத புதியவர்கள், தாங்கள் அவமதிக்கப்பட்டதாகக் கருதி விலகிச் செல்வதும் உண்டு.

அடுத்த கட்டத்தில் நிறுவனத்தின் பணியாளர்கள் கோரிக்கையின் நிலையைக் குறிக்கின்றனர். பரிசீலனையில் உள்ளது, திட்டமிடப்பட்டுள்ளது, நிறைவேறியது, மறுக்கப்பட்டது, தளம் வேண்டுமென்றே அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது எனப் பல நிலைகள் உள்ளன. தள அமைப்பின் பொதுத் தரவுகளை எவரும் ஆய்ந்து பார்க்கும் கருவியும் வழங்கப்பட்டுள்ளது. 'பல கேள்விகள் விடையின்றிக் கிடக்கின்றன' என்று பொதுவாகக் குறைகூறுவதற்குப் பதிலாக, எத்தனை கேள்விகள், எந்தத் துறையில், எவ்வளவு காலமாக என்பதை எண்ணிக்காட்ட அது உதவுகிறது. சான்றுடன் வரும் யோசனையை எளிதில் ஒதுக்க முடியாது என்பதே இதன் பயன்.

பத்தாண்டு வாதத்தின் முடிவு

கேள்விக்குக் கிடைக்கும் மதிப்பு குறித்த விவாதம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தொடக்கத்தில் கேள்வி, விடை இரண்டுக்குமே ஓர் ஆதரவு வாக்குக்கு 10 புள்ளிகள் வழங்கப்பட்டன. விடையளிப்பதே கடினமான பணி என்ற கருத்தின் அடிப்படையில், 2010-ஆம் ஆண்டு கேள்விக்கான புள்ளி 5-ஆகக் குறைக்கப்பட்டது. நல்ல கேள்வி இல்லாமல் நல்ல விடை பிறக்காது என்ற எதிர்வாதம் தொடர்ந்து எழுந்தது. 2019-ஆம் ஆண்டு நவம்பரில் கேள்விக்கும் மீண்டும் 10 புள்ளிகள் என அறிவிக்கப்பட்டது. பழைய கேள்விகளுக்கும் அது பொருந்தும் எனச் செய்யப்பட்டதால், கேள்விகள் வழியே பங்களித்த பலரது புள்ளிகள் ஒரே நாளில் உயர்ந்தன.

பழமையாகிவிட்ட விடைகள் குறித்த கோரிக்கை இதனினும் முக்கியமானது. கேள்வி கேட்டவர் 'இதுவே என் சிக்கலைத் தீர்த்தது' என்று குறித்த விடை, வாக்குகள் எவ்வளவு குறைவாக இருந்தாலும் முதலிடத்திலேயே நிலைத்திருந்தது. தொழில்நுட்பமோ வேகமாக மாறியது. பைத்தான் மொழியின் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதியுடன் நிறுத்தப்பட்டது. ஆனால், அப்பதிப்புக்கென எழுதப்பட்ட விடைகள் பல பக்கங்களின் உச்சியில் தொடர்ந்து நின்றன. அவற்றை நம்பி நிரலைப் படியெடுக்கும் மாணவருக்கு அது பிழையையே தரும்.

ஒருவருடைய ஒருநாள் தேர்வு, பின்னர் வரும் ஆயிரம் பேரின் பட்டறிவை மறைக்கலாகாது எனப் பயனாளர்கள் வாதிட்டனர். 2021-ஆம் ஆண்டு இக்கோரிக்கை ஏற்கப்பட்டது. ஏற்கப்பட்ட விடைக்குரிய குறி நீடித்தது. அதற்கு முதலிடம் என்ற உறுதி நீக்கப்பட்டது. அடுத்து, அண்மைக் கால வாக்குகளுக்குக் கூடுதல் எடை தரும் வரிசைமுறையும் அறிமுகமானது.

பன்முறை கேட்டும் மறுக்கப்பட்டது

எல்லாக் கோரிக்கைகளும் இவ்வாறு நிறைவேறவில்லை. எதிர்வாக்கு அளிப்பவர் அதற்கான காரணத்தைக் கட்டாயம் எழுத வேண்டும் என்பது மெட்டாவில் மிக அதிகமாகத் திரும்பத் திரும்ப எழுப்பப்பட்ட கோரிக்கைகளுள் ஒன்று. காரணம் தெரியாமல் எதிர்வாக்கு பெறுபவர் தம் தவற்றை எவ்வாறு திருத்திக்கொள்வார் என்ற கேள்வி நியாயமானதே.

இது மறுக்கப்பட்டதற்கும் காரணங்கள் கூறப்பட்டன. காரணம் எழுதியவர் யார் என்பது வெளிப்படும்போது, அவரது பதிவுகளுக்குப் பழிவாங்கும் எதிர்வாக்குகள் விழக்கூடும். கட்டாயத்துக்காக எழுதப்படும் விளக்கம், பொருளற்ற சில எழுத்துகளாகச் சுருங்கவும் கூடும். வாக்கின் மறைதன்மை காக்கப்பட்டால்தான் தரக்குறைவைச் சுட்டிக்காட்டப் பலரும் முன்வருவர் என்பது தளத்தின் நிலைப்பாடு.

கருத்துரை இடுவதற்கு 50 புள்ளிகள் தேவை என்ற விதியும் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டது. ஒரே ஒரு புள்ளியுடன் நுழைபவர் முழு விடையை எழுதலாம். ஆனால், மற்றொருவரின் விடையில் சிறு ஐயம் கேட்க அவருக்கு உரிமை இல்லை. விளம்பரக் குப்பைகளைத் தடுக்கும் வேலியாக இவ்விதி அமைந்தது என்பது ஒரு தரப்பு. முதல்முறை வருபவரை வாசலிலேயே நிறுத்துகிறது என்பது மறுதரப்பு.

கேட்பவரும் காப்பவரும்

இந்த மோதல்கள் அனைத்துக்கும் அடியில் இருப்பது ஒரே முரண்தான். தளத்துக்கு வருபவர்கள் இரு வகையினர். தம் சிக்கல் இன்றே தீர வேண்டும் என வருபவர் ஒருவர். ஒரே கேள்வி நூறு முறை கேட்கப்படாமல், களஞ்சியம் தூய்மையாக இருக்க வேண்டும் என உழைப்பவர் மற்றொருவர். மெட்டாவில் தொடர்ந்து எழுதி, வாக்களித்து, விதி வகுத்தவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையினரே. முதல் கேள்வியே மூடப்பட்டு வெளியேறிய மாணவர், மெட்டா என்ற மன்றம் இருப்பதையே அறிந்திருக்க மாட்டார். எனவே, அவரது குறை யோசனையாக அங்குப் பதிவாவதும் அரிது.

தளம் புதியவர்களை வரவேற்பதாக இல்லை என்பதை நிறுவனமே 2018-ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. குறிப்பாகப் புதிய நிரலாளர்களும் பெண்களும் அவ்வாறு உணர்வதாக அது குறிப்பிட்டது. அவ்வாண்டே புதிய நடத்தை விதிகள் வெளியிடப்பட்டன. முதல்முறை பதிவிடுபவரின் பெயரருகே 'புதிய பங்களிப்பாளர்' என்ற குறிப்பும் சேர்க்கப்பட்டது.

இரு தரப்பையும் இணைக்கும் முயற்சியாக, புதியவர்களின் கேள்விகளைப் பொதுவெளியில் இடும் முன், அனுபவம் மிக்கோர் பார்த்துத் திருத்தம் சொல்லும் முன்னரங்கம் 2024-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. இதே குழுமத்தைச் சேர்ந்த நிரல் புதிர்த் தளமொன்றில், புதிர்களை வெளியிடும் முன் சக பயனாளர்களிடம் காட்டித் திருத்திக்கொள்ளும் வழக்கம் பல ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. அவ்வேற்பாட்டைப் பயனாளர்களே தமக்குள் அமைத்துக்கொண்டிருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்திய மொழிகளுக்கு இடம் உண்டா?

இந்தியப் பயனாளர்களைப் பொறுத்தவரை, மொழியும் ஒரு தடையாக உள்ளது. முதன்மைத் தளத்தில் ஆங்கிலத்தில் மட்டுமே கேள்வி எழுப்ப இயலும். போர்த்துகீசியம், ரஷ்யம், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய மொழிகளுக்குத் தனித் தளங்கள் தொடங்கப்பட்டன. இந்திய மொழி எதற்கும் அவ்வாறு அமையவில்லை.

ஒரே தொழில்நுட்ப அறிவு பல மொழிகளில் சிதறினால் எதுவும் முழுமை பெறாது என்பது இதற்கு எதிரான வாதம். இந்தியாவில் உயர்கல்வியும் மென்பொருள் பணியும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடப்பதால் தேவை இல்லை என்றும் கூறப்படுவதுண்டு. எனினும், தாய்மொழி வழியில் பள்ளிக்கல்வி முடித்து வரும் மாணவருக்கு நிரல் புரிந்தாலும், கேள்வியை ஆங்கிலத்தில் வகுத்து எழுதுவது மற்றொரு தேர்வாகிவிடுகிறது. தெளிவற்ற ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கேள்வி, தெளிவற்ற கேள்வியாகவே மூடப்படும் வாய்ப்பு அதிகம்.

கேட்காமல் எடுத்த முடிவின் விலை

2021-ஆம் ஆண்டு நெதர்லாந்தைச் சேர்ந்த புரோசஸ் நிறுவனம், 180 கோடி டாலருக்கு ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை வாங்கியது. இந்தியாவின் ஸ்விக்கி நிறுவனத்திலும் முதலீடு செய்திருந்த குழுமம் அது. 2022-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளியானது. சில நாட்களிலேயே, அது எழுதித் தரும் விடைகளைத் தளத்தில் பதிவிடத் தடை விதிக்கப்பட்டது. பார்வைக்குச் சரியானவை போலத் தோன்றிய பிழையான விடைகள் வெள்ளமாக வந்ததே காரணம்.

2023-ஆம் ஆண்டு மே மாதம், செயற்கை நுண்ணறிவு எழுதியது என்ற ஐயத்தின் பேரில் பதிவுகளை நீக்குவதற்கு நிறுவனம் கடும் கட்டுப்பாடு விதித்தது. தளத்தை ஊதியமின்றிக் காத்து வந்த மட்டுறுத்துநர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர், ஜூன் மாதம் பணிநிறுத்தத்தில் இறங்கினர். பேச்சுவார்த்தைக்குப் பின் புதிய வழிமுறைகள் ஒப்புக்கொள்ளப்பட்டு, ஆகஸ்ட்டில் போராட்டம் முடிவுக்கு வந்தது. 2024-ஆம் ஆண்டு மே மாதம் ஓப்பன்ஏஐ நிறுவனத்துடன் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டபோது, தங்கள் விடைகளைத் தாங்களே அழிக்க முயன்ற பயனாளர்களும் இருந்தனர்.

பதிவுகள் அனைத்தும், பெயர் குறிப்பிட்டு எவரும் பயன்படுத்தலாம் என்ற பொதுவுரிமத்தின் கீழ் உள்ளவை. எனவே, அழித்தவற்றைத் தளம் மீட்டெடுக்க முடிந்தது. எழுதியவர்களின் மனநிறைவை அவ்வாறு மீட்டெடுக்க இயலவில்லை.

கற்கத்தக்கது என்ன?

உரையாடல் கருவிகளிடம் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம், எதிர்வாக்கு விழாது. புதியவர்கள் அங்குச் சென்றதில் வியப்பில்லை. அக்கருவிகள் பயின்ற தரவுகளில் இத்தளத்தின் விடைகளும் அடங்கும். நாளை வரப்போகும் நிரல்மொழியின் சிக்கல்களை யாரேனும் ஒருவர் முதலில் தீர்த்து, பொதுவெளியில் எழுதி வைத்தாக வேண்டும்.

அரசுச் சேவைத் தளங்கள், கல்வித் தளங்கள், திறமூல மென்பொருள் திட்டங்கள் என இந்தியாவில் கருத்துக் கேட்கும் இணையதளங்கள் பெருகி வருகின்றன. பெறப்பட்ட யோசனையின் நிலையைப் பொதுவில் காட்டுவது, மறுத்தால் காரணம் சொல்வது, மன்றத்துக்கே வராதவரின் குறையைத் தேடிச் சென்று கேட்பது ஆகிய மூன்றும் அவற்றுக்கும் பொருந்தும். முதல் இரண்டை ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பெருமளவு செய்தது. மூன்றாவதைச் செய்யத் தாமதித்தது. அந்தத் தாமதத்தின் விலையைத்தான் இன்று அது கொடுத்து வருகிறது.