நகம் காய்ந்திருந்தால்தான் நிறம் நிற்கும்
மூன்று வாரம் உரியாத ஜெல் பூச்சின் ரகசியம் புட்டியில் இல்லை, பூசுவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் இருக்கிறது. அங்கே அவசரப்பட்டால் போவது நிறம் மட்டுமல்ல.

கர்வா சௌத் நோன்புக்கு முந்தைய நாட்களில் தில்லி லாஜ்பத் நகர் சென்ட்ரல் மார்க்கெட்டில் நடக்க இடம் கிடைக்காது. நடைபாதையில் முக்காலி போட்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் மருதாணிக்காரர்கள், நீட்டப்படும் கைகளில் கூம்புப் பொட்டலத்தால் கொடியும் பூவுமாக இழுத்துத் தள்ளுவார்கள். அவர்களுக்கு எந்த முன்னேற்பாடும் தேவையில்லை. கழுவித் துடைத்த கை போதும். மருதாணியில் உள்ள லாசோன் என்ற சாயப்பொருள் நகத்தின் கெரட்டினோடு தானாகவே ஒட்டிக்கொள்கிறது. தோலில் இரண்டு வாரத்தில் மங்கிவிடும் சிவப்பு, நகத்தில் மட்டும் அது வளர்ந்து வெட்டப்படும்வரை பிடிவாதமாக இருக்கும்.

தலைநகரின் 'நெயில் ஸ்டுடியோ'க்களில் நடப்பது வேறு வித்தை. பளபளப்பான ஜெல் பூச்சு நகத்துக்குள் ஊறுவதில்லை. மேலே உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சரியாக உட்கார்ந்தால் இரண்டு மூன்று வாரம் கீறல் விழாமல் இருக்கும். இல்லாவிட்டால் நான்காம் நாள் பாத்திரம் கழுவும்போது ஓரத்தில் கிளம்பி, ஐந்தாம் நாள் தகடாகக் கழன்று வரும். கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு பூசிக்கொண்ட மணப்பெண்ணுக்கு இது சின்ன விஷயம் அல்ல. பெருநகர நிலையங்களில் ஒரு முறைக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டிப் போவதும் உண்டு.

இந்திய நடுத்தர வர்க்கத்துக்கு அழகுச் சாதனங்களை அறிமுகம் செய்த லாக்மே 1952இல் டாட்டாக்களின் நிறுவனமாகத் தொடங்கியபோது நகப்பூச்சு என்றால் ஒரே பொருள்தான்: பூசு, ஊது, காயவை. அதில் உள்ள கரைப்பான் ஆவியாகிப் போனதும் மெல்லிய படலம் மிஞ்சும். ஜெல்லின் இயக்கமே வேறு. அது ஆவியாவதில்லை. அக்ரிலேட் வகை மூலக்கூறுகள் புற ஊதா ஒளி பட்டதும் ஒன்றோடொன்று கைகோத்துக் கெட்டியான பிளாஸ்டிக்காகின்றன. 1980களிலேயே வந்து சரியாகப் போணியாகாத இந்தச் சரக்கு, அமெரிக்காவின் சிஎன்டி நிறுவனம் 2010இல் 'ஷெல்லாக்' என்ற பெயரில் சாதாரண பாலிஷ் போலப் பூசக்கூடிய வடிவத்தைக் கொண்டுவந்த பிறகு உலகைச் சுற்றியது. பிளாஸ்டிக் தகடு ஒன்று வளைந்து கொடுக்கும் நகத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பதால்தான் முன்னேற்பாடு இங்கே முக்கால் வேலை.

முதல் விதி, பழைய பியூட்டி பார்லர் பழக்கத்துக்கு நேர் எதிரானது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர்க் கிண்ணம் இல்லாமல் கை அழகுபடுத்தலா என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. கிண்ணம் எங்கே, ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகப்படுபவர்களும் உண்டு. கிண்ணம் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். நகம் பார்க்கத்தான் கண்ணாடி போல இருக்கிறது; தண்ணீரை நன்றாகவே உறிஞ்சும். ஊறிய நகம் உப்பி, வளைவு தட்டையாகிறது. அந்த நிலையில் ஜெல்லைப் பூசி இறுக்கிவிட்டால், பிறகு நகம் காய்ந்து பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது மேலே இருக்கும் பிளாஸ்டிக் கூடவே சுருங்காது. பிடிப்பு விடத் தொடங்குவது அங்கேதான். ஆகவே உலர்ந்த கை, உலர்ந்த வேலை. எண்ணெய் தடவித் தேய்ப்பது, கிரீம் போடுவது எல்லாம் ஆசை தீர உண்டு, ஆனால் பூச்சு முடிந்த பிறகு.

அடுத்தது கியூட்டிகிள். இந்த ஒரு சொல்லால் அழகு நிலையங்கள் இரண்டு வேறு பொருள்களைக் குறிப்பதில்தான் பாதிக் குழப்பம். நகத்தின் அடியில் தோல் முடியும் இடத்தில் இருக்கும் மடிப்பு உயிருள்ள சதை. கிருமிகள் உள்ளே புகாமல் காக்கும் அடைப்பு அது. அந்த மடிப்பிலிருந்து உதிர்ந்து நகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத சவ்வாக ஒட்டிக்கொண்டு வளர்வது செத்த தோல். போக வேண்டியது இரண்டாவது மட்டும். நகமும் சதையும் போல என்று நெருக்கத்துக்கு உவமை சொல்லும் மொழியில் இதைப் புரியவைப்பது கடினமாக இருக்கக் கூடாது. சதையை வெட்டினால் நகச்சுற்றுக்கு வாசல் திறக்கிறது. செத்த சவ்வை விட்டுவைத்தால் ஜெல் நகத்தின் மேல் ஒட்டாமல் சவ்வின் மேல் ஒட்டும். சவ்வு கழலும்போது ஜெல்லும் கழலும்.

சவ்வை எடுக்க காரத்தன்மை உள்ள திரவம் ஒன்றை ஒரு சொட்டு வைத்து, புட்டியில் எழுதியிருக்கும் நேரம் மட்டும் விட்டு, மர அல்லது உலோகக் குச்சியின் தட்டை முனையால் மெல்லத் தள்ளிச் சுரண்டுகிறார்கள். நகத்தின் இரண்டு பக்க ஓரங்களும் அடி மூலைகளும்தான் அடிக்கடி விட்டுப்போகும் இடங்கள். பெரும்பாலான பூச்சுகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. திரவத்தை மிச்சமில்லாமல் துடைக்காவிட்டால் அதுவே பிடிப்பைக் கெடுக்கும்.

நுனியை வடிவமைக்க 180 எண் அரம், மேற்பரப்பின் மினுமினுப்பை எடுக்க 240 எண் பஃபர் என்பது தொழிலில் பொதுவான கணக்கு. எண் கூடக் கூட உராய்வு மென்மை. மேற்பரப்பில் தேவை மினுமினுப்பு போவது மட்டும்தான். இரண்டு மூன்று இழுப்பு போதும். நகத்தின் மொத்த கனமே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அதைச் சொரசொரப்பாக்கினால் நன்றாக ஒட்டும் என்று நம்பி மின்சார அரத்தை ஓடவிடுபவர்கள் நகத்தைக் காகிதமாக்கிவிடுகிறார்கள். நகத்தின் அடியில் பிறை வடிவில் சிவந்த பள்ளம் தெரிந்தால் அது அரத்தின் கைவேலை. மெலிந்த நகம் வளைவது அதிகம், வளைந்தால் ஜெல் விடும். ஜெல் இறுகும்போது வெப்பம் வெளிப்படும் என்பதால் விளக்குக்குள் கை சுரீரென்று சுடுவதும் இப்படிப்பட்டவர்களுக்குத்தான் அதிகம். விளக்கை உடனே குறை சொல்கிறார்கள்.

தூசியைத் தட்டி, இழை விடாத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்து ஒவ்வொரு நகத்தையும் ஓரம்வரை துடைத்த பிறகு அந்த விரல் எதையும் தொடக் கூடாது. அலைபேசியை எடுத்தால், தலைமுடியைக் கோதினால், மறுபடியும் துடைப்பதுதான் வழி. எண்ணெய்ப் பிசுக்கான நகங்களுக்குப் பிரைமர் ஒரு தொடுதல். பிறகு பேஸ் கோட்: மெலிதாக, தோலில் படாமல் மயிரிழை இடம் விட்டு, நுனியின் விளிம்பையும் மூடி. தடிப்பாகப் பூசினால் மேல்பகுதி இறுகி உள்ளே கூழாகவே இருக்கும். கட்டைவிரல் மற்ற நான்கோடு சேர்ந்து விளக்குக்குள் போகும்போது பக்கவாட்டில் சாய்ந்துவிடுவதால், இரண்டு கட்டைவிரல்களையும் தனியாக வைப்பது நல்லது. நிறமும் டாப் கோட்டும் இதே பாணிதான்.

தோலில் படக் கூடாது என்பதற்கு உரிந்துவிடும் என்பது மட்டும் காரணம் அல்ல. இறுகாத ஜெல்லில் இருக்கும் மெத்தக்ரிலேட்டுகள், குறிப்பாக ஹெமா என்று சுருக்கமாக அழைக்கப்படும் பொருள், தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமையை ஏற்படுத்தக்கூடியவை. விரல்நுனிகளில் அரிப்பு, வெடிப்பு; விரல் தொட்ட இமைகளிலும் முகத்திலும் தடிப்பு. ஒருமுறை வந்துவிட்டால் இது பொதுவாக ஆயுளுக்கும் தங்கிவிடும். இதே இரசாயனக் குடும்பம்தான் பல் அடைக்கும் பிசினிலும், மூட்டு மாற்று அறுவைசிகிச்சையில் பயன்படும் எலும்புச் சிமெண்டிலும் இருக்கிறது. இருபது வயதில் நகத்துக்காக வாங்கிய ஒவ்வாமை அறுபது வயதில் முழங்காலுக்குத் தொல்லையாக வரக்கூடும். பிரிட்டிஷ் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018இல் இதைப் பற்றி, குறிப்பாக வீட்டில் தாங்களே போட்டுக்கொள்ளும் பெட்டிகளைப் பற்றி, எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் கொண்டுவந்த விதியின்படி ஹெமா உள்ள நகச் சரக்கைத் தொழில்முறையாளர்கள் மட்டுமே பயன்படுத்தலாம். ஒளி பட்டதும் இறுகலைத் தொடங்கிவைக்கும் டிபிஓ என்ற பொருளை, இனப்பெருக்கத்தைப் பாதிக்கலாம் என்ற வகைப்பாட்டின் காரணமாக, 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே அழகுச் சாதனங்களில் முழுவதுமாகத் தடைசெய்துவிட்டார்கள். ஒரு நிறுவனத்தின் ஜெல்லை இன்னொரு நிறுவனத்தின் மலிவு விளக்கில் காட்டுவது நம் ஊர்களில் சர்வசாதாரணம். ஒளியின் அலைநீளமும் வலுவும் பொருந்தாவிட்டால் ஜெல் வெளியே கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே முழுவதும் இறுகியிருக்காது.

வாடிக்கையாளர் மாதம் ஒருமுறை தொடுவதை, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நாள் முழுவதும் தொடுகிறார். தில்லி, பெங்களூர் போன்ற நகரங்களின் அழகு நிலையங்களில் வேலை செய்பவர்களில் கணிசமானவர்கள் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். அவர்களுக்குக் கையுறையும் காற்றோட்டமும் அலங்காரம் அல்ல. மெத்தக்ரிலேட் சாதாரண ரப்பர் கையுறையையும் சிறிது நேரத்தில் ஊடுருவிவிடும் என்பதால் அடிக்கடி மாற்ற வேண்டும். இந்தச் செலவை முதலாளி ஏற்கிறாரா என்று கேட்கும் வாடிக்கையாளர் அபூர்வம்.

விளக்கைப் பற்றிய பயம் 2023இல் கிளம்பியது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் வளர்த்த செல்களின் மேல் நக விளக்கின் புற ஊதா ஒளியைப் பாய்ச்சியதில் 20 நிமிடத்தில் 20 முதல் 30 சதவீத செல்கள் இறந்தன. பிழைத்தவற்றில் மரபணுச் சேதம் தெரிந்தது. தட்டில் இருக்கும் செல்லுக்குத் தோலின் மேலடுக்குப் பாதுகாப்பு இல்லை, யாரும் ஒரே மூச்சில் 20 நிமிடம் கையை வைப்பதும் இல்லை. ஆகவே இதைப் புற்றுநோய்க்கான நிரூபணமாகக் கொள்ள முடியாது. ஆனாலும் விரல்நுனி வெட்டிய கையுறையோ வெயில் தடுப்பு கிரீமோ அதிகச் செலவு வைக்காது. கிரீமை நகம் துடைப்பதற்கு முன்பே தடவிக்கொள்ள வேண்டும், நகத்தில் படாமல்.

இந்தியக் கைகளுக்கென்று தனித் தொல்லை மஞ்சள். கையால் பிசைந்து சாப்பிடும் குழம்பின் மஞ்சள், வெளிர் நிற ஜெல்லில் நன்றாகவே ஏறும். நோன்பும் கல்யாணமும் வெளிர் நிறத்தைக் கேட்பதில்லை என்பதால் பலர் தப்பித்துக்கொள்கிறார்கள். ஓரம் கிளம்பிய ஜெல்லைப் பசை வைத்து ஒட்டிச் சமாளிப்பது இதைவிட மோசம். இடையில் தங்கும் ஈரத்தில் சூடோமோனாஸ் கிருமி வளர்ந்து நகம் பச்சையாகும்.

கழற்றுவதும் முன்னேற்பாட்டின் பகுதிதான், அடுத்த பூச்சுக்கான முன்னேற்பாடு. மேல் அடுக்கை இலேசாக அரவி, அசிடோனில் நனைத்த பஞ்சை வைத்து அலுமினியத் தாளில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் காத்திருந்தால் ஜெல் நெகிழ்ந்து தானே வரும். அடுப்பும் ஊதுவத்தியும் பக்கத்தில் இருக்கக் கூடாது, அசிடோன் சட்டென்று தீப்பிடிக்கும். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே பிய்த்து எடுப்பவர்கள் ஜெல்லோடு நகத்தின் மேலடுக்குகளையும் சேர்த்தே பிய்க்கிறார்கள். விரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. அந்த வெள்ளைத் திட்டுகள் நுனிக்கு வந்து நகவெட்டிக்குப் போய்ச்சேர ஆறு மாதம் ஆகும்.