உடனிருந்தவன் சொன்ன கதை

குற்றமொன்றிலே தானும் கைநனைத்த ஒருவன், பின்னர் சாட்சிக் கூண்டில் ஏறி, “செய்தவன் இவன், நான் உடனிருந்தேன்” என்று சொல்வானாயின், அச்சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம்? தன் கழுத்தைக் காக்க வேண்டியவன் பிறன் கழுத்தைக் காட்டத் தயங்கமாட்டான் என்பர் சிலர். குற்றம் நடந்த இடத்திலே குற்றத்தில் தொடர்புடையவனையன்றி வேறு யார் இருந்திருக்கப் போகின்றார் என்பர் வேறு சிலர். சட்டம் பயின்றோருக்கு மட்டுமே உரியதாயிருந்த இந்தப் பழைய விவாதத்தை, அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரிலே 1999ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு கொலை வழக்கு, உலகின் பல பாகங்களிலும் வாழும் சாதாரண மக்களின் விவாதமாக்கிவிட்டது. அதனைச் செய்தது ‘சீரியல்’ என்னும் வலையொலித் தொடராகும்.

சீரியல் என்றதும் நம்மவர்க்கு மாலைநேரத் தொலைக்காட்சியிற் கண்ணீர் வடிக்கும் மாமியாரும் மருமகளும் நினைவுக்கு வருதல் இயல்பு. இது வேறு வகை. பொட்காஸ்ட் எனப்படும் வலையொலி, இணையத்தில் வைக்கப்பட்டு, வேண்டியவர் வேண்டிய பொழுதிற் கேட்கும் வானொலி போன்றது. சாரா கேனிக் என்னும் பத்திரிகையாளர் தயாரித்துத் தம் குரலிலேயே சொல்லிய இத்தொடர், 2014 ஒக்டோபர் 3ஆம் திகதி தொடங்கி டிசம்பர் 18 வரை 12 பகுதிகளாக வெளிவந்தது. கோடிக்கணக்கான தடவை கேட்கப்பட்டது. அமெரிக்க வானொலி, தொலைக்காட்சிப் படைப்புகளுக்கு வழங்கப்படும் பீபொடி விருதைப் பெற்ற முதல் வலையொலியும் இதுவே. வாரந்தோறும் ஒரு பகுதி வெளியானமையால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நாட்களெல்லாம் கேட்போர் நீதிபதிகளாயினர். சிலர் துப்பறிவாளராகவும் மாறினர்.

வழக்கின் வரலாறு இது. ஹே மின் லீ கொரியாவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பெண், வயது 18. பால்ட்டிமோரை அடுத்த வுட்லோன் உயர்நிலைப் பாடசாலையில் இறுதி வகுப்பு மாணவி. 1999 ஜனவரி 13ஆம் திகதி பாடசாலை விட்டதும், உறவுக் குழந்தையொன்றை அழைத்துச் செல்லத் தன் காரிற் புறப்பட வேண்டியவள், அங்கே போய்ச் சேரவில்லை. பெப்ரவரி 9ஆம் திகதி லீக்கின் பூங்கா என்னும் காட்டுப்பாங்கான இடத்தில், ஆழமில்லாத குழியில் அவளது உடல் கண்டெடுக்கப்பட்டது. கையாற் கழுத்தை நெரித்துக் கொல்லப்பட்டிருந்தாள். அம்மாத இறுதியில் அவளது முன்னாட் காதலன் அத்னான் சையத் கைதானான். பாகிஸ்தானிய முஸ்லிம் குடும்பத்திற் பிறந்தவன். அதே பாடசாலை மாணவன். அப்போது அவனுக்கு வயது 17. இருவர் வீட்டாரும் விரும்பாத காதல் அது. மறைவாக வளர்ந்து, 1998 டிசம்பரில் முறிந்தது. ஹே வேறொருவரை நாடத் தொடங்கியிருந்தாள். பிரிவைத் தாங்காது கொன்றான் என்பதே அரச தரப்பின் கட்சி. பிணை விசாரணையின்போது அவனது பாகிஸ்தானியப் பின்னணியும் இழுக்கப்பட்டது. விட்டால் அந்நாட்டுக்கு ஓடிவிடுவான் என வாதிடப்பட்டது. பதினேழு வயது மாணவன் ஒருவனை அவன் பெற்றோரின் தேசத்தைக் கொண்டு அளந்த இந்த வாதம், வழக்கின் முகத்தில் ஆரம்பத்திலேயே விழுந்த ஒரு கறை என்பது என் எண்ணம்.

கொலையைக் கண்ணாற் கண்டவர் எவருமிலர். அத்னானைக் குற்றத்தோடு நேரே பிணைக்கும் மரபணுச் சான்றும் இல்லை. இருந்தவன் ஒரு தோழன். வழக்கின் ஏடுகளில் அவன் பெயர் உண்டு. இங்கே அது வேண்டுவதில்லை. அன்று அத்னானின் காரும், முந்திய நாள்தான் பாவனைக்கு வந்த கையடக்கத் தொலைபேசியும் அத்தோழன் வசமிருந்தன. அத்னான் தன்னை அழைத்துக் காரின் டிக்கியில் ஹேயின் உடலைக் காட்டினான் என்றும், மாலையில் அதனைப் புதைக்கத் தான் உதவினான் என்றும் அவன் சொன்னான். கொலைக்குப் பின் துணைபோன குற்றத்தை ஒப்புக்கொண்டு, அரச தரப்புச் சாட்சியானான். முதல் விளக்கம் 1999 டிசம்பரில் இடையிலே கலைந்தது. இரண்டாவது விளக்கத்தின் முடிவில், 2000 பெப்ரவரி 25ஆம் திகதி, ஜூரிமார் சில மணி நேரத்துக்குள்ளேயே அத்னானைக் குற்றவாளியெனத் தீர்மானித்தனர். ஆயுட்காலச் சிறையும் அதற்கு மேல் 30 ஆண்டுகளும் தண்டனையாயின. உடலைப் புதைக்க உதவியதாகத் தானே சொன்ன தோழனோ சிறைத்தண்டனை அனுபவிக்காமல் நன்னடத்தைக் கண்காணிப்போடு வீடு சென்றான்.

இங்கேதான் விவாதம் பிறக்கின்றது. அத்தோழனின் வாக்குமூலங்களை அடுத்தடுத்துக் கேட்டால் தலை சுற்றும். உடலை முதலிற் கண்ட இடம் ஒரு முறை ஒரு தெரு. மறுமுறை ஒரு கடையின் கார் நிறுத்துமிடம். பதினைந்து ஆண்டுகளின் பின், 2014 டிசம்பரில் அளித்த செவ்வியிலே தன் பாட்டி வீட்டு வாசல். புதைத்த நேரமும் நகர்ந்தது. விளக்கத்தின்போது இரவு ஏழு மணியளவென்று சொல்லப்பட்டது. அச்செவ்வியில் நள்ளிரவை அண்டிவிட்டது. இந்த ஏழு மணி சிறிய விடயமன்று. இரவு 7.09க்கும் 7.16க்கும் அத்னானின் தொலைபேசிக்கு வந்த இரு அழைப்புகள் லீக்கின் பூங்காவை அண்டிய கோபுரத்தைத் தொட்டன என்பதே, தோழன் சொல்லுக்கு அரச தரப்பு முட்டுக்கொடுத்த தூண். தூணைத் தாங்க வேண்டியவனே பின்னர் அதனைத் தள்ளிவிட்டான். தொலைபேசி நிறுவனம் அனுப்பிய பதிவேட்டின் முகப்புத் தாளிலோ, வெளியே செல்லும் அழைப்புகளைக் கொண்டே இடத்தை நம்பிக் கணிக்கலாம், உள்ளே வரும் அழைப்புகளைக் கொண்டு கணித்தல் ஆகாது என்ற எச்சரிக்கை இருந்தது. அவ்விரண்டும் உள்ளே வந்த அழைப்புகள். எதிரியின் சட்டத்தரணி அத்தாளைப் பற்றி நிபுணரிடம் ஒரு கேள்வியேனும் கேட்டாரில்லை.

இவ்வளவு பொய்யனை ஒதுக்கித் தள்ளிவிடலாமே என்று தோன்றும். அவ்வாறு தள்ள முனைவோர் ஓரிடத்தில் இடறுவர். ஹேயின் காணாமற் போன கார் எங்கே நிற்கின்றதென்று பொலிஸார் அறியாதிருந்தபோது, நகரின் மேற்குப் பகுதியில் வரிசை வீடுகளின் பின்னே நின்ற அந்தக் காரிடம் அவர்களை அழைத்துச் சென்றவன் இவனே. நேரத்தை மாற்றலாம், தெருவை மாற்றலாம். காரோ கையாற் தொடத்தக்க பொருள். அதுவுமன்றி, கொலை நடந்த இரவிலேயே இவன் தன்னிடம் அதைச் சொன்னான் என்று, இவன் பொலிஸில் வாய்திறப்பதற்கு முந்திய நாள், ஒரு தோழி தன் தாயும் சட்டத்தரணியும் உடனிருக்க வாக்குமூலம் கொடுத்திருந்தாள். அன்று காலை அத்னான் ஹேயிடம் காரில் ஏற்றிச் செல்லும்படி கேட்டான் என்ற சாட்சியமும் உண்டு. அதை அவன் அன்று மாலை ஒரு பொலிஸ் உத்தியோகத்தரிடம் ஒப்புக்கொண்டு, பின்னொரு நாள் மறுத்தான்.

ஆகவே விவாதிப்போர் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு கதவால் வெளியேற வேண்டியவராகின்றனர். அத்னான் கொன்றான், தோழன் உதவினான் என்போர், பொய்களுக்கு நடுவில் ஓர் உண்மை இருந்ததென நம்ப வேண்டும். தோழனே கொன்றான் என்போர், அவளை அதிகம் பழகியறியாதவன் அவளைக் கொல்வதற்கு என்ன காரணம் என்று காட்ட வேண்டும். இருவருமே குற்றமற்றவர் என்போரின் பாடு எல்லாவற்றினும் கடினம். காரைப் பொலிஸாரே முன்னர் கண்டு, இவன் வாயில் அந்தச் சொல்லை வைத்தனர் என அவர்கள் கொள்ள வேண்டும். அப்போது உடந்தையாளிகள் பொலிஸாரே ஆவர். பொலிஸ் ஒலிப்பதிவிலே மேசையைத் தட்டும் ஓசை கேட்கின்றது, விடையை நினைவூட்டும் சைகை அது என்றுகூட ஒரு சாரார் வாதிட்டனர். கேட்பதற்குச் சுவையான வாதம். ஒரு தட்டலின் பொருளை நிரூபிப்பது எப்படி?

இவ்விவாதத்தின் பெருங்குறை, இரு வேறு கேள்விகளை ஒன்றாகக் குழைத்துவிட்டமையே. கொன்றவன் யார் என்பது ஒன்று. அத்னான் கொன்றான் என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டதா என்பது வேறொன்று. கேனிக் இதனை உணராதவரல்லர். இறுதிப் பகுதியிலே, தாம் ஜூரியாக இருந்திருந்தால் விடுதலை செய்திருப்பார் என்றும், ஆனால் அவன் நிரபராதியென்று சத்தியஞ்செய்யத் தம்மால் இயலாதென்றும் பொருள்பட அவர் பேசினார். முடிவு தெரியுமென்று காத்திருந்த பலருக்கு அது ஏமாற்றம். எனக்கோ அந்தப் பன்னிரண்டு பகுதிகளிலும் நேர்மையான இடம் அதுவாகவே படுகின்றது. உடந்தையாளி இடத்தையும் நேரத்தையும் மாற்றுவான் எனின், அவன் சொல்லில் எந்தப் பாகத்தைக் கொண்டு ஒருவனை ஆயுள் முழுதும் அடைப்பது? மெய்யான பாகம் எதுவென்று ஜூரிமார் ஊகித்தறிய வேண்டியிருந்தால், அது நிறுவப்பட்டதாகாது. அதற்காக அத்னானை மாசற்றவன் என்று கொண்டாடவும் என்னால் இயலவில்லை. அந்தக் கார் வழியிலே நிற்கின்றது.

சிலப்பதிகாரம் பயின்றோர்க்கு இந்நிலை புதிதன்று. தன் களவை மறைக்க விரும்பிய பொற்கொல்லன் கோவலனைச் சுட்டினான். மன்னன் ஆராயாது ஆணையிட்டான். ஆயினும் மதுரையிலே உடைத்துப் பார்க்க ஒரு சிலம்பு இருந்தது. தெறித்தது முத்தன்று, மாணிக்கம் என்றவுடன் வழக்கு முடிந்தது. பால்ட்டிமோரில் அப்படியொரு சிலம்பு இருக்குமென்று பலர் மரபணுவை எதிர்நோக்கினர். 2022இல் ஹேயின் பாதணிகளிற் கிடைத்த நுண்ணிய சுவடுகள் ஆராயப்பட்டன. அவை அத்னானுடையவையல்ல எனத் தெரிந்தது. அவை எப்போது, எவ்வாறு ஒட்டின என்பதைச் சொல்லும் ஆற்றல் அச்சுவடுகளுக்கு இல்லை. உடைத்த பின்னும் உள்ளே இருந்தது முத்தா மாணிக்கமா என்று துணிய முடியவில்லை.

நீதிமன்றங்கள் நடந்த வழியும் நேரானதன்று. 2016இல் ஒரு நீதிபதி, முகப்புத் தாளைப் பற்றிச் சட்டத்தரணி கேளாமையைக் காட்டிப் புதிய விளக்கத்துக்கு உத்தரவிட்டார். 2018இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வுத்தரவை வேறு காரணத்தால் நிலைநிறுத்தியது. அன்று பிற்பகல் அத்னானை நூலகத்திற் கண்டதாக ஒரு மாணவி அவனுக்குக் கடிதமெழுதியிருந்தாள். அவளைச் சட்டத்தரணி தொடர்புகொள்ளவேயில்லை என்பதே அக்காரணம். 2019 மார்ச்சில் மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம், நால்வருக்கு மூவர் என்ற கணக்கில், சட்டத்தரணியின் தவறு தவறே, ஆனால் தீர்ப்பை மாற்றியிராது என்றது. 2022 செப்டெம்பரில் அரச தரப்பே முன்வந்து, வேறு இருவர்மீது ஐயமிருந்ததென்றும் அது எதிரி தரப்புக்கு மறைக்கப்பட்டதென்றும் கூறித் தீர்ப்பை நீக்கக் கோரியது. அம்மாதம் 19ஆம் திகதி அத்னான் 23 ஆண்டுச் சிறைவாழ்வின் பின் வெளியே வந்தான். ஒக்டோபரில் வழக்கும் கைவிடப்பட்டது.

அந்த விசாரணைக்கு ஹேயின் தம்பிக்குப் போதிய முன்னறிவித்தல் கொடுக்கப்படவில்லை. தொலைவிலிருந்து திரைவழியே பேசிய அவர், தமக்கு இது வலையொலித் தொடரன்று, வாழ்க்கை என்று நீதிமன்றத்திற்குச் சொன்னார். அவர் தொடுத்த மேன்முறையீட்டின் பேரில் 2023 மார்ச்சில் குற்றத்தீர்ப்பு மீண்டும் உயிர்பெற்றது. 2024 ஓகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றது. இவ்வழக்கைப் பற்றி எழுந்த பேச்சு முழுவதிலும் அந்தக் குடும்பத்தின் குரல் கேட்ட தருணங்கள் மிகச் சிலவே. அத்னான் சிறையிலிருந்து தொலைபேசியில் எத்தனையோ மணி நேரம் கேனிக்கோடு பேசினான். அவனது சிரிப்பு, தயக்கம், கோபம் எல்லாம் கேட்போர்க்குப் பழக்கமாயின. ஹே பேசியது அவளது நாட்குறிப்பிலிருந்து பிறர் வாசித்துக் காட்டிய சில பந்திகளில் மட்டுமே. பேசக்கூடியவன்மீது பரிவு வளர்தல் இயல்பென்று விட்டுவிடலாம். ஆனால், ‘இவன் குரல் கொலைகாரன் குரல்போல் இல்லையே’ என்று எத்தனை பேர் அதையே தீர்ப்பாக்கினர்!

2025ஆம் ஆண்டின் முற்பகுதியில், புதிதாக வந்த அரச சட்டத்தரணி, தமக்கு முன்னிருந்தவர் இட்ட மனுவில் பொய்யும் திரிபும் உள்ளனவென்று கூறி அதனை மீளப்பெற்றார். குற்றத்தீர்ப்பு நிலைத்தது. ஆயினும் பராயமடையாத வயதிற் குற்றஞ்செய்தோரின் தண்டனையைக் குறைக்க இடமளிக்கும் மாநிலச் சட்டமொன்றின் கீழ், 2025 மார்ச் 6ஆம் திகதி, அவன் அனுபவித்த சிறையே போதுமென்றும், ஐந்தாண்டுகள் கண்காணிப்பில் இருக்க வேண்டுமென்றும் நீதிபதி தீர்மானித்தார். ஏட்டிலே அவன் கொலையாளி; தெருவிலே சுதந்திரமானவன்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒன்று நடக்கவேயில்லை. 2000ஆம் ஆண்டின் பின் நிகழ்ந்தவை யாவும் மனுக்களும் மேன்முறையீடுகளுமே. வழங்கப்பட்ட புதிய விளக்கமும் தொடங்குமுன் பறிக்கப்பட்டது. அந்தத் தோழனை ஜூரிமார் முன் மீண்டும் நிறுத்தி, “உடலை எங்கே கண்டாய்? எத்தனை மணிக்குப் புதைத்தாய்? காரின் இடம் உனக்கு எவ்வாறு தெரிந்தது?” என்று குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு எவர்க்கும் கிடைக்கவில்லை. விவாதிப்போரிடம் இருப்பவை பொலிஸார் 1999இற் பதிந்த ஒலிநாடாக்களும், அந்த இரு விளக்கங்களின் பதிவேடுகளும், பின்னர் அவன் கொடுத்த செவ்வியும். அவற்றை வைத்துக்கொண்டே அவர்கள் இன்னும் வாதாடுகின்றனர்.