உடம்பு கேட்கிறதா, நாக்குக் கேட்கிறதா?

‘உடம்பு கேட்கிறது’ என்பது நம் இல்லங்களில் நாள்தோறும் வழங்கும் சொல். புளிப்பின்மேல் ஆசை பிறந்தால் உடம்பிற்குப் புளிப்பு வேண்டியிருக்கிறது என்கிறோம். இனிப்பின்மேல் பிறந்தால் இனிப்புக் குறைந்துவிட்டது என்கிறோம். கருவுற்ற பெண் எதைக் கேட்டாலும் மறுத்தலாகாது, மறுத்தால் பிறக்கும் குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்று பாட்டிமார் அச்சுறுத்துவதும் உண்டு. பசியின் வாயிலாக உணவையும், தாகத்தின் வாயிலாக நீரையும் கேட்டுப் பெறுகின்ற உடம்பு, சத்துக் குறைவையும் ஆசையின் வாயிலாக அறிவிக்காதோ என்று எண்ணுவது இயல்பே.

நாம் மருத்துவரல்லோம், இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் எழுத்தரே. ஆயினும், படித்தறிந்தவற்றையும் புனேயில் நம்மவர் இல்லங்களிற் கண்டவற்றையும் சீர்தூக்கி அன்பர்கள்முன் வைக்க விழைகிறோம். குடும்ப நலம் பற்றிய செய்தியாதலின், தாய்மார்களேயன்றி ஆடவரும் இதனைப் படித்தல் வேண்டும்.

பழைய நம்பிக்கை

மசக்கை ஆசை நமக்குப் புதியதன்று. பண்டைத் தமிழர் இதனை ‘வயா’ என்றனர். புறநானூற்றின் 20ஆம் பாடலில் குறுங்கோழியூர் கிழார் ஒரு சேர மன்னனைப் புகழுமிடத்து, அவனது நாட்டு மண்ணைக் கருவுற்ற மகளிர் வேட்கையால் உண்பாரேயன்றிப் பகைவர் உண்ணார் என்னும் கருத்தை அமைத்துள்ளார். மண் தின்னும் வழக்கம் அத்துணைப் பழமையானது என்பது இதனால் விளங்கும்.

கருவுற்றவள் தன் இதயமும் குழந்தையின் இதயமுமாக இரண்டு இதயங்களை உடையவள். அவளது விருப்பத்தை மறுத்தல் கருவிற்குக் கேடு என்பது சுசுருதர் முதலிய ஆயுர்வேத முன்னோர் கொள்கை. இக்கொள்கை சார்ந்த ‘தோஹத’ என்னும் வடசொல்லே மராத்தியில் ‘டோஹாளே’ என வழங்குகிறது. நாம் வளைகாப்பில் சித்திரான்னங்கள் படைப்பது போலவே, இந்நகரத்து மராட்டியர் ‘டோஹாளே ஜேவண்’ என்னும் விருந்தளிப்பர். அடுத்த வீட்டு மராட்டிய அம்மையாரும் நம் வீட்டு மூதாட்டியும் மொழியறியாமலே ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளும் செய்திகளுள் இதுவும் ஒன்று. சுமக்கும் பெண்ணை மகிழ்விக்கும் இவ்வழக்கத்தில் அன்பு உண்டு. அதனை நாம் குறைகூறோம். ஆனால் அன்பு வேறு. நோயின் அறிகுறி வேறு.

ஆராய்ச்சி உரைப்பது

அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்னும் மருத்துவ அம்மையார், தாய்ப்பால் மறந்த குழந்தைகள் 15 பேரிடம் நீண்ட சோதனை ஒன்றை நடத்தி, அதன் முடிவுகளை 1939இல் தொகுத்துரைத்தார். 34 வகை உணவுகளைக் கொண்ட பட்டியல் ஒன்றிலிருந்து, குழந்தைகள் விரும்பியவற்றை விரும்பிய அளவு உண்ண விட்டனர். எல்லாக் குழந்தைகளும் நன்கு வளர்ந்தன. எலும்பு நோய் கண்டிருந்த ஒரு குழந்தை, தானே மீனெண்ணெயை அருந்தி, நோய் தீர்ந்தபின் அதனை நிறுத்திற்று. ‘பார்த்தீர்களா, உடம்பு அறியும்!’ என்று பலர் இச்சோதனையைச் சான்று காட்டுவர். ஆனால் அந்த அம்மையாரே, இதன் சூட்சுமம் உணவுப் பட்டியலில் உள்ளது என்று கூறிவிட்டார். பட்டியலில் சர்க்கரையும் இல்லை, பலகாரமும் இல்லை. எல்லாம் இயற்கை உணவுகள். எதை எடுத்தாலும் நன்மை தருமாறு அடுக்கி வைத்துவிட்டால், குழந்தையின் கை தவறுவதற்கு இடமேது?

உடம்பு உண்மையாகவே கேட்கும் பொருள் ஒன்று உண்டு, அது உப்பு. சிறுநீரகத்தின் மேல் அமைந்த சுரப்பிகள் பழுதுற்றால் உடலில் உப்பு தங்காது கழியும். அத்தகைய நோயுற்ற மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி அமெரிக்க மருத்துவர் இருவர் 1940இல் எழுதினர். அவன் வீட்டில் உப்பை அள்ளி அள்ளித் தின்று உயிர் தரித்திருந்தான். மருத்துவமனையில் ஏனைய குழந்தைகளுக்குரிய உணவே அளிக்கப்பட்டமையால், சில நாட்களில் இறந்துபோனான். படிப்போர் உள்ளம் உருக்கும் நிகழ்ச்சி இது. ஆயினும், ஊறுகாய் விரும்புவோர்க்கெல்லாம் இந்நோய் என்று கொள்ளலாகாது. இஃது அரிதினும் அரிது. நம்மிற் பெரும்பாலோர் தேவைக்கு மிஞ்சியே உப்பு உண்கிறோம்.

சாக்கலேட்டின்மேல் ஆசை எழுந்தால் மக்னீசியம் குறைந்துள்ளது என்று சொல்வோர் இந்நாளில் மிகுதி. மக்னீசியம் எள்ளிலும், நிலக்கடலையிலும், கேழ்வரகிலும் நிரம்ப உண்டு. அதற்காகவே ஆசை பிறக்குமாயின், மாலை நேரத்தில் நம் பிள்ளைகள் கேழ்வரகுக் களிக்கன்றோ அழவேண்டும்! 1994இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், சாக்கலேட்டுக்கு ஏங்குவோர்க்குக் கொக்கோப் பொடியைக் குளிகையில் அடைத்துக் கொடுத்தனர், ஆசை தணியவில்லை. கொக்கோப் பொடி கலவாத வெள்ளைச் சாக்கலேட்டு அவ்வாசையை ஓரளவு தணித்தது. வேண்டப்பட்டது சத்தன்று, சுவையும் நெய்ப்பும் இனிப்புமே.

மற்றொரு சோதனையில், வேண்டிய சத்துகள் யாவும் அடங்கிய இனிய பானம் ஒன்றையே சில நாட்கள் இளைஞர்க்கு உணவாக அளித்தனர். யாதொரு சத்தும் குறையாதிருந்தும், பிற உணவுகளின்மேல் அவர்களுக்கு ஏக்கம் பெருகிற்று. ஒரே உணவின் சலிப்பே இதற்குக் காரணம். இவ்வூர் விடுதிகளில் தங்கி, ஒரே வகைக் குழம்பை உண்டு சலித்து, வற்றல் குழம்பிற்கும் கருவாட்டிற்கும் ஏங்கும் நம் இளைஞர்களின் நிலையும் இதுவே. அது சத்துக் குறைவன்று, ஊர் நினைவு.

அரிசியும் நாக்கும்

உடம்பு தன் குறையை அறிந்து கேட்குமாயின், ‘பெரிபெரி’ என்னும் நோய் உலகில் தோன்றியே இராது. நன்கு தீட்டிய அரிசியையே உண்டு, தவிட்டோடு கழியும் உயிர்ச்சத்தை இழந்து, கைகால் மரத்துப் பல்லாயிரவர் மாண்டனர். அவர்களுள் எவரும் தவிட்டிற்கு ஆசைப்படவில்லை, வெண்சோற்றையே விரும்பினர். சாவகத்தில் ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர் கோழிகளைக் கொண்டு இவ்வுண்மைக்கு வழிகண்டு, 1929இல் நோபல் பரிசு பெற்றார். பழைய சென்னை மாகாணத்தில் பச்சரிசி உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில் இந்நோய் மிகுந்திருக்க, புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அரிதாயிருந்தது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டின் சத்து அரிசியினுள் இறங்கிவிடுகிறது. நம்மவரைக் காத்தது நாக்கின் அறிவன்று, புழுக்கும் வழக்கம்.

ஒலிக்கும் மணி ஒன்று

இவ்வாறாயின், ஆசைகள் யாவும் வெறும் பழக்கந்தானோ எனின், அன்று. தாய்மார்கள் கருத்தில் இருத்தவேண்டிய ஒருவகை ஆசை உண்டு. உணவல்லாத பொருளை உண்ணும் ஆசையே அது. மண், சாம்பல், திருநீறு, செங்கற்பொடி, சிலேட்டுப் பல்பம், சமைக்காத அரிசி, ஓயாது பனிக்கட்டி ஆகியவற்றைத் தின்னும் வேட்கை இரும்புச்சத்துக் குறைவோடு நெருங்கிய தொடர்புடையது. பனிக்கட்டி தின்போர்க்கு இரும்புச்சத்து அளித்தால், இரத்தம் தேறும் முன்னரே அவ்வாசை அகன்றுவிடுவதை மருத்துவர் கண்டுள்ளனர்.

இங்கும் ஒரு நுட்பம் உண்டு. பனிக்கட்டியில் இரும்பு இல்லை. பச்சரிசியிலும் மிகக் குறைவு. மண்ணில் இரும்பு இருப்பினும் அது உடலிற் சேர்வது அரிது. சிலவகை மண், உணவிலுள்ள இரும்பையும் பற்றிக்கொண்டு வெளியேறிவிடும். புழு முட்டைகளும் ஈயமும் அதன் வழியே வயிற்றினுட் புகுதலும் கூடும். பீகாரிற் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத், ஈரானில் களிமண் தின்று வளர்ச்சி குன்றிய இளைஞர்களைக் கண்டு 1961இல் எழுதினார். இருபது வயதைக் கடந்தவரும் சிறுவர் போலத் தோன்றினர். அவர்தம் தொடர் ஆராய்ச்சியால், துத்தநாகமும் மனிதர்க்கு இன்றியமையாதது என்பதை உலகம் அறிந்தது. ஆகவே, குறை உண்டு என்று மணி ஒலிக்கிறது. ஆனால் என்ன குறை, எதனால் தீரும் என்பதை அம்மணி சொல்வதில்லை. கேட்ட பொருளைக் கொடுத்தால் குறை வளருமேயன்றித் தீராது.

கோர்ப்படிப் பக்கத்தில் நம் நண்பர் ஒருவரின் இல்லத்தில் நிகழ்ந்ததைக் கூறுவோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மணமாகி வந்த மருமகள், முதற்பேற்றிற்குப் பின்னர்ப் பச்சரிசியை மறைவாக மென்று வந்தாள். குழந்தையின் பல்பமும் மறைந்தது. வயிற்றில் பூச்சி என்றனர் சிலர். கெட்ட பழக்கம் என்றனர் சிலர். இறுதியில் அரிசிப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டனர். மொழி தெரியாத ஊரில், யாரிடமும் சொல்லவும் நாணி, அப்பெண் குன்றிப்போனாள். மாடிப்படி ஏறுகையில் ஒருநாள் மயங்கி விழுந்தபோதுதான் மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். ஹீமோகுளோபின் 7 கிராமே இருந்தது. இரும்பு மாத்திரைகள் உட்கொண்ட சில வாரங்களில் பச்சரிசி ஆசை தானே நீங்கிற்று, பூட்டும் தேவையற்றதாயிற்று. அப்பெண் கடிந்துரைக்கத்தக்கவள் அல்லள், நோயுற்றவள்.

ஒலிக்காத மணிகள்

ஆனால் பெரும்பாலான குறைகள் இவ்வாறு ஓசை எழுப்புவதில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் இரத்தச்சோகை உடையோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 57 பேர். தமிழ்நாட்டில் 53 பேர். மராட்டியத்தில் 54 பேர். விட்டுவந்த ஊரும் வந்த ஊரும் இதில் ஏறக்குறைய ஒன்றே. இவர்களெல்லாம் மண் தின்பவரல்லர். களைப்பை வீட்டு வேலையின் களைப்பென்றே எண்ணி நாள் கழிப்பவர்.

நம் புனே நகரமே உலகிற்கு அளித்த சான்று மற்றொன்று உண்டு. கே.இ.எம். மருத்துவமனையைச் சார்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்ஞிக் குழுவினர், 1993 முதல் புனேயை அடுத்த சிற்றூர்களில் கருவுற்ற பெண்களையும் அவர்தம் குழந்தைகளையும் தொடர்ந்து ஆராய்ந்தனர். அத்தாய்மாரில் மூவரில் இருவர்க்கு பி-12 என்னும் உயிர்ச்சத்துக் குறைந்திருந்தது. பி-12 குறைந்தும் ஃபோலேட் மிகுந்தும் இருந்த தாய்மாரின் குழந்தைகளிடம், பின்னாளில் நீரிழிவிற்கு இடந்தரும் இன்சுலின் எதிர்ப்பு மிகுந்திருந்ததை 2008இல் வெளியிட்டனர். பி-12 பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் உண்டு. செடிகொடிகள் தருவனவற்றில் இல்லை. அது குறைந்தமையால் பாலுக்கும் முட்டைக்கும் ஏங்குவோர் எவர்? மரக்கறி உண்போர் மரக்கறியையே விரும்புவர். கால் மரத்து, நினைவு தளர்ந்த பின்னரே பலர் அறிகின்றனர்.

செய்யத்தக்கன

சரக்குக் கிடங்கில் எப்பொருள் குறைந்துள்ளது என்றறிய, வாயிலில் உரக்கக் கூவுவோரை நாம் கேட்பதில்லை. இருப்பு ஏட்டைப் புரட்டுகிறோம். உடம்பின் இருப்பு ஏடு இரத்தப் பரிசோதனையே. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12 கிராமும், கருவுற்றோர்க்குப் பொதுவாக 11 கிராமும், ஆடவர்க்கு 13 கிராமும் இருத்தல் வேண்டும். ஆடவர்க்கோ முதியோர்க்கோ குறைந்திருப்பின் மாத்திரையோடு நில்லாது, குடலில் இரத்தக் கசிவு உண்டா என்றும் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மரக்கறி உண்போர் பி-12 பரிசோதனை பற்றியும் வினவுங்கள். பி-12 குறைந்திருக்கையில் ஃபோலிக் அமிலம் மட்டும் உண்டால், சோகை மறைந்தும் நரம்புக் கேடு வளரக்கூடும்.

இரும்பு மாத்திரையைத் தேநீருடனோ காப்பியுடனோ சுண்ணாம்புச்சத்து மாத்திரையுடனோ உட்கொள்ளலாகாது; எலுமிச்சைச் சாறு நல்ல துணை. மலம் கறுப்பது கண்டு அஞ்சவேண்டா. இரத்தம் தேறியபின்னும் மருத்துவர் சொல்லும் திங்கள்வரை தொடர்தல் வேண்டும். உணவுக்குப்பின் உடனே தேநீர் அருந்தும் வழக்கத்தை ஒரு மணி நேரமேனும் தள்ளிப்போடுங்கள். அம்ருததுல்யக் கடைகள் நிறைந்த இந்நகரில் இஃது எளிதன்று என்பதை அறிவோம்! முருங்கைக்கீரையோடு, இவ்வூரார் உண்ணும் கம்பு பாக்கரியும், பேறுகண்ட தாய்க்கு அவர்கள் அளிக்கும் ‘அளீவ்’ உருண்டையும் இரும்புச்சத்து உள்ளவை. அயலாரிடம் கேட்டறிந்து செய்யலாம்.

கருவுற்ற பெண்களுக்கு ஒவ்வொரு திங்களும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிப் பரிசோதனை செய்யும் திட்டம் 2016 முதல் நடைபெறுகிறது. கட்கியிலாயினும் ராஸ்தா பேட்டையிலாயினும், மராத்தி பேசத் தெரியாத மருமகள் ஒருத்தி இருப்பின், மாமியாரோ கணவரோ உடன் சென்று உதவுங்கள். அவள் மாங்காய் கேட்டால் அன்போடு வாங்கிக் கொடுங்கள். பச்சரிசியோ மண்ணோ தின்னக் கண்டால், கடியாமலும் நகையாமலும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஒன்றுமே கேளாது களைத்திருப்பவளையும் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.