விமான மானியின் முள்ளை ஆர்டுயினோ எப்படித் திருப்புகிறது?

பழைய விமானத்தின் எண்ணெய் அழுத்தமானியை வீட்டு விமான சிமுலேட்டரில் மாட்டி, ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையை நேரே இணைத்தால் முள் ஏன் அசைவதில்லை? பல மானிகளுக்குள் இருப்பது சிங்க்ரோ: நடுவில் சுழலும் சுருள், சுற்றிலும் 120 டிகிரி இடைவெளியில் மூன்று நிலைச்சுருள்கள். நடுச்சுருளுக்கு 26 வோல்ட், 400 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம் வேண்டும்; ஆர்டுயினோவால் அதை நேரே தர முடியாது. (வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தான். அதிர்வெண் கூடினால் மின்மாற்றிக்கு இரும்பு குறைவாகப் போதும். விமானத்தில் எடைதானே எல்லாம்!)

சிமுலேட்டர் தரும் அழுத்தத்தை ஆர்டுயினோ கோணமாக்கி, 120 டிகிரி இடைவெளியில் எடுத்த அதன் சைன் மதிப்புகளின்படி அதே 400 ஹெர்ட்ஸில் மூன்று அலைகளின் உயரத்தை அமைக்கிறது. மதிப்பு எதிர்மறையானால் அலையைத் தலைகீழாக்குகிறது. பெருக்கி வலுவூட்டிய அலைகள் நிலைச்சுருள்களில் பாய, காந்தப்புலங்கள் ஒன்றுகூடி ஒரே திசை காட்டும். நடுச்சுருளும் முள்ளும் அங்கே திரும்பும்.

உள்ளுறுப்பைப் பிடுங்கிவிட்டு ஸ்டெப்பர் மோட்டார் பொருத்துவது எளிது. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.