இறக்கையில் பூசும் பச்சைத் திரவம்... விமானம் பறக்கும்போது எங்கே போகிறது?

கனடா, ஐரோப்பா பக்கம் குளிர்காலத்தில் விமானம் ஏறியவர்களுக்கு இது பழகிய காட்சி. சீட் பெல்ட் போட்டாச்சு, கதவும் மூடியாச்சு, ஆனால் விமானம் கிளம்பாது. ஒரு லாரி வந்து இறக்கை மீது முதலில் ஆரஞ்சு நிறத்தில் சூடான திரவத்தைப் பீய்ச்சும். அது படிந்த பனியை உருக்கி நீக்கும். அடுத்து, கொழகொழவென்று பச்சைத் திரவம். அது புதிதாக விழும் பனி ஒட்டாமல் தடுக்கும்.

கொஞ்சூண்டு பனிக்கா இவ்வளவு பயம்?

ஆமாம். இறக்கையைத் தொடும் காற்று அதோடு ஒட்டியே நிற்கும்; மேலே போகப் போகத்தான் வேகம் கூடும். சுற்றும் ஃபேன் இறக்கையில்கூட தூசி தங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த மெல்லிய பகுதிதான் ‘எல்லை அடுக்கு’. 1904-ல் ஜெர்மானியரான லுட்விக் பிராண்டல் விளக்கியது. உப்புத்தாள் அளவுக்குச் சொரசொரப்பான பனி படிந்தாலே இந்த அடுக்கு குலையும். தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையலாம். இழுவிசை 40 சதவீதம் வரை கூடலாம்.

1989 மார்ச் 10-ல் கனடாவின் டிரைடன் நகரில் அதுதான் நடந்தது. பனியை நீக்காமல் கிளம்பிய ஏர் ஒன்டாரியோ விமானம், ஓடுபாதையைத் தாண்டி மரங்களுக்குள் விழுந்தது. 69 பேரில் 24 பேர் இறந்தனர்.

அப்போ பச்சைத் திரவமும் தடைதானே?

அங்கேதான் சூட்சுமம். தண்ணீர், கிளைக்கால், கெட்டியாக்கும் பொருள் சேர்ந்த கலவை இது. சும்மா இருக்கும்போது கெட்டி, உராய்ந்தால் இளகும். தக்காளி சாஸ் பாட்டிலைக் குலுக்கினால் சாஸ் சட்டென்று இறங்குமே, அதே குணம். ஓடுபாதையில் வேகம் ஏற ஏற, காற்று படலத்தை உரசும். முதலில் சிற்றலைகள் எழும். பிறகு திரவம் இளகி, பின்விளிம்பு வழியாக வழிந்து போய்விடும். பொதுவாக மணிக்கு 185 கி.மீ.க்கு மேல் வேகமெடுத்து எழும் விமானங்களுக்கே இது பொருந்தும். மிஞ்சும் படலம் எல்லை அடுக்கை எவ்வளவு தடிக்க வைக்கிறது என்று காற்றுச் சுரங்கத்தில் அளந்து பார்த்த பிறகே ஒப்புதல் கிடைக்கும்.

ஏன் சில சமயம் இரண்டாவது முறையும் அடிக்கிறார்கள்?

பனி விழ விழத் திரவம் நீர்த்துப்போகும். அதனால் வானிலையைப் பொறுத்து அதற்குக் காலக்கெடு உண்டு. அது தாண்டினால் மறுபடி சோதிக்க வேண்டும், தேவைப்பட்டால் மறுபடி பூச வேண்டும்.

டிரைடன் விமானத்தில் பயணிகளாக இருந்த இரண்டு விமானிகளும் பணிப்பெண்ணும் இறக்கையில் பனியைப் பார்த்தார்கள். ஆனால், விமானியிடம் யாரும் சொல்லவில்லை. ஜன்னல் சீட்டில் இருப்பவர் கண்ணில் பனி பட்டால், கிளம்பும் முன்பே பணிக்குழுவிடம் சொல்லிவிடலாம்.